ஓரத்தில் பென்சில் மட்டும்

கல்லுமலைத் தோட்டத்துப் படிப்பகத்தில் அதிகத் தடவை இரவல் போன புத்தகம் எது என்று கேட்டால், நீங்கள் எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும். பழந்தமிழர் நீர்ப்பாசனம் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய எண்ணூற்றுச் சொச்சம் பக்க ஆராய்ச்சி நூல் அது. நாற்பத்தொரு தடவை வெளியே போயிருக்கிறது. ஒருத்தர்கூடப் படித்ததில்லை. பாதித் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே வெட்டாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கல்யாணத்துக்குப் போட வைத்திருக்கும் சட்டையை மடிப்புக் கலையாமல் அமுக்கி வைக்க அதைவிடக் கனமான சாமான் தோட்டத்தில் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட இராமையாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் பதிவேட்டில் எழுதிக் கொடுப்பார்.

"எடுத்துட்டுப் போறவன் எதுக்கு எடுத்துட்டுப் போறான்னு கேக்குறது என் வேலை இல்ல" என்பார். எதையும் யாரிடமும் கேட்காத மனுஷன் அவர். அந்தக் குணம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மலாய் நாட்டில் புக்கிட் ரோத்தான் பட்டணத்திலிருந்து உள்ளே நாலு கட்டை, அதாவது நாலு மைல், தள்ளி இருந்தது இந்த ரப்பர்த் தோட்டம். இராமையா அங்கேயே பிறந்து, அங்கேயே அஞ்சாவது வரைக்கும் படித்து, பால் ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டும் வேலைக்குப் போனவர். வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் குறைந்துபோய் பாதி இடம் சும்மா கிடந்தபோது, தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியிடம் நடையாய் நடந்து அந்தப் பாதியை வாங்கினார். வருஷத்துக்கு இருபது முப்பது என்று சேர்த்து, எண்பத்து நாலில் அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. ஊதியம் ஒன்றும் கிடையாது. சாவி மட்டும்தான்.

இந்தப் படிப்பகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் வளர்ந்தது. ஒரு புத்தகம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். படிக்க நூறு வீடு காத்திருக்கும். ஒருத்தன் படித்து முடித்து மனசு கொதித்து உட்கார்ந்திருக்கும்போது அதைப் பற்றிப் பேச இன்னொருத்தன் அந்தப் பக்கத்துக்கே வந்திருக்க மாட்டான். ஆகவே வாசித்தவர்கள் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்கள். முதலில் பேனாவில் எழுதினார்கள். மை மறுபக்கம் ஊறியதைப் பார்த்ததும் இராமையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: "ஓரத்தில் பென்சில் மட்டும். முதலெழுத்துப் போடவும்." அலமாரி ஒவ்வொன்றிலும் ஒரு பென்சிலை நூல் கட்டித் தொங்கவிட்டார்.

அதுக்கப்புறம் பாருங்கள், புத்தகங்களைவிட ஓரங்கள் ருசியாகிவிட்டன. ஒரு துப்பறியும் கதையில் பதினாலாம் பக்கத்திலேயே எவனோ ஒரு புண்ணியவான், "கொலை பண்ணது கூடப்பிறந்த தம்பிதான்" என்று எழுதி வைத்துவிட்டான். அதுக்குக் கீழே பதினேழு பேர் அவனைத் திட்டியிருந்தார்கள். பதினெட்டாவது ஆள், "தம்பி இல்லை, இவன் பொய் சொல்றான்" என்று எழுதியிருந்தான். அதை நம்பிப் படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் அவனையும் திட்டினார்கள். சமையல் புத்தகத்தில் "ஆறு முட்டை" என்று போட்டிருந்த இடத்துக்கு நேரே "ஆறு முட்டைக்கு எங்க போறது" என்று ஒரு கை; கீழே "கிராணி வூட்டுக் கோழியக் கேளு" என்று வேறொரு கை. தோட்ட மக்கள் இந்த நாட்டுக்கு ஆசையோடு கப்பலேறி வந்தார்கள் என்று ஒரு சரித்திரப் புத்தகம் சொன்னது. பக்கத்திலேயே, வேலைக்காட்டில் ஆட்களை மேற்பார்க்கும் ரெங்கசாமித் தண்டல், "எங்கப்பா அழுதுகிட்டே வந்தாரு. ரெ." என்று எழுதியிருந்தார். பிழைத்திருத்தம் மூன்று பக்கத்துக்கு ஒட்டி வந்த ஒரு இலக்கண நூலில், அந்தத் திருத்தத்துக்குள்ளேயே ஏழு பிழை கண்டுபிடித்து வரிசையாக எண் போட்டிருந்தது ஒரு கை. அது இராமையாவின் கை. அவர் வாழ்க்கையில் செய்த ஒரே குறும்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் மனைவி நல்லம்மாள் முப்பது வயசு வரைக்கும் எழுத்து தெரியாதவள். அவளுக்கு அச்செழுத்துக்கு முன்னால் ஓரத்தெழுத்துதான் வசப்பட்டது. படிப்பகத்தைக் கூட்டிப் பெருக்க வருகிறவள், விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, "இது யாரு எழுதுனது, என்ன சொல்லியிருக்கு" என்று யாரையாவது பிடித்துக்கொள்வாள். எல்லாம் அவர்கள் வாயில் புழங்கும் பேச்சு. அதனால் சீக்கிரம் பிடிபட்டது. அப்புறம் மெல்ல மெல்ல ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து கதைகளையும் படித்தாள். அவளும் எழுதுவாள். பெரிய பெரிய எழுத்தாக, மறுபக்கம் தடவினால் தெரிகிற அளவுக்கு அழுத்தி எழுதுவாள். முதலெழுத்துப் போட மாட்டாள். அதுக்கு இராமையா சிடுசிடுப்பார், அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

எண்பத்து ரெண்டில் அவள் இறந்துபோனாள். வயிற்றில் கட்டி. எட்டு மாசமாக வலித்திருக்கிறது, சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் இராமையாவைப் பார்த்து, "ஒரே வீட்டிலதானே இருக்கீங்க" என்றார். அந்த எட்டு மாசமும் அவர் அறுநூறு புத்தகத்துக்கும் புதுசாக எண் போட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளை குட்டி இல்லை. அதுக்கப்புறம் அவருக்கு இருந்தது அந்த அறுநூற்றுப் பன்னிரண்டுதான்.

எண்பத்து நாலு கடைசியில் தோட்டம் கை மாறியது. பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்கள், மூணு மாசத்தில் ஆயாக் கொட்டகையை இடிக்கிறார்கள் என்று தகவல் வந்தது. சனங்கள் ரவாங், கோல சிலாங்கூர் என்று ஆளுக்கொரு பக்கம் வேலை தேடிக் கிளம்பினார்கள். புத்தகங்களை என்ன செய்வது? இராமையா பள்ளிக்கூடத்தில் கேட்டார், இடமில்லை. கோயில் கமிட்டியில் கேட்டார். ஒழுகுகிற சாமான் அறை ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் கொஞ்ச நாள் வையுங்கள் என்றார்கள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவர், இந்தப் புத்தகங்களுக்காக அஞ்சு ஊர் ஏறி இறங்கினார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்போதுதான் நவமணி வழியாக ஒரு வெளிச்சம் வந்தது. ரெங்கசாமித் தண்டல் மகள். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண். தன்னுடைய விரிவுரையாளரிடம் படிப்பகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவர் பெயர் டாக்டர் தனபாலன். அவர் நாலே வரியில் ஒரு கடிதம் போட்டிருந்தார்: சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறோம், பொருத்தமாக இருந்தால் மொத்தமாகவே எங்கள் நூலகத்துக்கு எடுத்துக்கொள்ளப் பார்க்கிறோம். கூடவே நூலக ஆபீஸ் ஒரு அச்சடித்த பாரத்தை இணைத்திருந்தது. அதில் நாலாவது விதி: கிழிந்தவை, கறை பட்டவை, எழுதிக் கிறுக்கப்பட்டவை ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.

இராமையா அந்த விதியை எத்தனை தடவை படித்தாரோ தெரியாது. சாயங்காலம் ரெங்கசாமியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுகிட்டு நிக்கிற" என்றார் ரெங்கசாமி. "பென்சில்தான லா? அழிச்சுப்புட்டாப் போச்சு. ஒன்பது நாள் இருக்கு."

இதைக் கேட்டு உங்களுக்குத் திக்கென்றிருக்கும். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது திக்கென்றிராது. கம்பெனியிலிருந்து விசிட்டிங் துரை வருகிறார் என்றால் என்ன செய்வோம்? வரிசையாக வீடு கட்டிய லயத்தின் முன்பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்போம். கால்வாயைக் கழுவுவோம். கொடியில் காயும் பாவாடையை எடுத்து ஒளிப்போம். குளிக்காத பிள்ளைகளைக் காட்டுப்பக்கம் விரட்டுவோம். மேலிடத்திலிருந்து ஆள் வந்தால், நாம் இங்கே வாழ்ந்த அடையாளமே கண்ணில் படக் கூடாது. மூணு தலைமுறையாக நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பல்கலைக்கழகத்துக்காரர் மட்டும் வேறென்ன கேட்கப் போகிறார்?

தோட்டமே திரண்டுவிட்டது. சீனன் கடையில் இருந்த அழிப்பான்கள் ரெண்டு நாளில் தீர்ந்துவிட்டன. இராமையா ஸ்டோரிலிருந்து புகை போடாத வெள்ளை ரப்பர் ஷீட்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டுவந்தார்; கடைச் சாமானைவிட அது சுத்தமாக அழித்தது. தினமும் வேலை விட்டு வந்ததும் முப்பது பேர் ஆயாக் கொட்டகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். அழிக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொன்றையும் உரக்கப் படிப்பார்கள். ஒரே சிரிப்பு. "பதினெட்டாவது ஆளு நீதானாடா" என்று இருபது வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தன் மாட்டிக்கொண்டான். ரெங்கசாமி தன் அப்பாவைப் பற்றி எழுதியதைத் தன் கையாலேயே அழித்தார். அப்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ரப்பர்த் தூளை ஊதி ஊதி விளையாடினார்கள். அந்த ஒன்பது நாள் போல் படிப்பகத்தில் என்றைக்குமே கூட்டம் இருந்ததில்லை. இராமையா முகத்தில் நல்லம்மாள் போனதுக்கப்புறம் முதல் தடவையாகக் களை வந்திருந்தது.

எட்டாம் நாள் ஒரு குடும்ப நாவல் அவர் கைக்கு வந்தது. அதில் வரும் பெண் சீக்கோடு கிடந்து, புருஷனிடம் சொல்லாமலே செத்துப்போவாள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்து ஓரத்தில் பெரிய பெரிய எழுத்தில், அழுத்தி, "இந்த ஆளு அவகிட்ட ஒரு வார்த்த கேட்டானா" என்று எழுதியிருந்தது. முதலெழுத்து இல்லை. பதிவேட்டைப் புரட்டினார். நல்லம்மாள் அந்தப் புத்தகத்தை எடுத்த தேதி, அவள் இறப்பதற்கு ரெண்டு மாசம் முந்தியது. தேதியைப் பதிந்து கையெழுத்துப் போட்டிருந்தது அவரேதான்.

அவர் கையில் ரப்பர்த் துண்டு இருந்தது. சுற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்தை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனார். கணக்கில் ஒரு புத்தகம் குறைவது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை டாக்டர் தனபாலன் நவமணியோடு காரில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேத்தண்ணி குடித்தார், எல்லாரிடமும் பெயர் கேட்டார். நவமணி நேராகத் துப்பறியும் கதையைத்தான் எடுத்தாள். பதினாலாம் பக்கத்தைப் புரட்டினாள். வேறொன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். இராமையா பக்கம் திரும்பினாள்.

"மாமா, எழுத்தெல்லாம் எங்க?"

"ஒரு எழுத்துகூட இருக்காது புள்ள, எங்க வேணா பாரு" என்றார் ரெங்கசாமி பெருமையாக. "ஒன்பது நாளு ஒழைப்பு."

நவமணி உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் தனபாலன்தான் மெதுவாகச் சொன்னார். இந்தப் புத்தகங்கள் எல்லாம் பெரும்பாலும் எங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன ஐயா. ஓரத்தில் நீங்களெல்லாம் எழுதியிருப்பதாக நவமணி சொன்னாள். தோட்டத்து மக்கள் தங்கள் கையால் எழுதியது எங்கேயுமே கிடையாது. அதற்காகத்தான் வந்தேன்.

"பாரத்துல போட்டிருந்துச்சே" என்றார் இராமையா.

"அது ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்புற பாரம் ஐயா. நான் அதைப் பார்க்கவே இல்ல."

யாரைக் குற்றம் சொல்வது? நவமணி தன் அப்பாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். விரிவுரையாளர் நாலு வரியை அஞ்சு வரியாக்கியிருக்கலாம். இராமையா ஒரு கடிதம் போட்டு, இவற்றை என்ன செய்ய என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. டாக்டர் தனபாலன் சில பக்கங்களை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். தடம் தெரிந்தது, வாசிக்க முடியவில்லை. வெள்ளை ரப்பர் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது.

"ஒண்ணாவது இருந்தா, அதைக் காட்டி மேலிடத்தில பேசிப் பார்க்கலாம்" என்றார்.

இராமையா எழுந்து போய் வீட்டிலிருந்து அந்த நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். விரிவுரையாளர் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைப் படித்தார். "யாரு ஐயா எழுதினது?" என்றார். ரெங்கசாமிக்கு அந்தக் கை தெரியும். அவர் இராமையாவைப் பார்த்தார். இராமையா தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரோ ஒரு பொம்பள" என்றார். அவமானமாக இருந்தது அவருக்கு. அந்த வரியைப் படித்த யாரும் அந்தப் புருஷன் யார் என்று கேட்பார்கள் என்று பயந்தார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரு நூலை நன்றியோடு ஏற்கிறோம். இட நெருக்கடியால் மற்றவற்றை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். அதற்குள் ஆயாக் கொட்டகை தரைமட்டமாகியிருந்தது. அறுநூற்றுப் பதினொன்றும் கோயில் சாமான் அறையில் தார்ப்பாயின் கீழ் ஒரு மழைக்காலம் இருந்தன. அப்புறம் கறையான் வந்தது. அப்புறம் பழைய பேப்பர் லோரி வந்தது. கறையான் தொடாமல் விட்டது நீர்ப்பாசன ஆராய்ச்சி ஒன்றைத்தான். அதையும் லோரிக்காரன் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இராமையா ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகா வேலைக்கு, அதாவது வாசல் காவலுக்கு, போனார். ஒண்டி ஆள், ஒரு அறை. எண்பத்தேழில் ஒரு லீவு நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டாக்டர் தனபாலன் கொடுத்த அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த வரியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. வேறு நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அரிய நூல்கள் வைத்திருக்கும் அறை தனியாக இருந்தது. ஜில்லென்று குளிர். வாசலில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண், பெரியவரே என்கிற மரியாதையோடு, "பாக்சிக், பையும் பேனாவும் இங்க இருக்கட்டும். உள்ளே பென்சில் மட்டும்தான்" என்று மலாயில் சொல்லி ஒரு பென்சிலை நீட்டினாள். இராமையா அந்தப் பென்சிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நூல்தான் கட்டவில்லை. மற்றபடி அவருடைய விதியேதான்.

அவள் புத்தகத்தை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். கூடவே தட்டச்சு செய்த ஒரு கார்டு. தோட்ட வாசகர் கையெழுத்து, பென்சில், பக்கம் 118, பெண், பெயர் தெரியவில்லை.

பெயர் தெரியவில்லை என்ற இடத்தில் இராமையா விரலை வைத்தார். அப்புறம் பக்கத்தைத் திறந்தார். இந்த ஆளு அவகிட்ட ஒரு வார்த்த கேட்டானா. அந்த அழுத்தம் அப்படியே இருந்தது. படிப்பகத்து வழக்கப்படி, ஒருத்தர் ஓரத்தில் ஒன்று கேட்டால் அடுத்து எடுப்பவர் கீழே பதில் எழுத வேண்டும். இந்தக் கேள்வி அஞ்சு வருஷமாக அப்படியே நின்றுகொண்டிருந்தது. கையில் பென்சில் வேறு இருந்தது. அவர் அவளுடைய வரிக்குக் கீழே, சின்ன எழுத்தில், "கேக்கல" என்று எழுதினார். விதிப்படி முதலெழுத்தும் போட்டார். எழுதி முடித்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தாளில் சொட்டிவிடக் கூடாதென்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தாள். நூற்றுப் பதினெட்டில் நின்றாள்.

"பாக்சிக், இப்படி எழுதக் கூடாது." கோபமே இல்லை அவள் குரலில். வயசான மனுஷர், தெரியாமல் செய்திருப்பார் என்று நினைத்திருப்பாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அழிப்பானை எடுத்தாள். கார்டை ஒரு தடவை பார்த்து, எது நூலகத்துடையது, எது இல்லை என்று சரிபார்த்துக்கொண்டாள். நல்லம்மாளின் வரி மேல் கை படாமல், கீழே இருந்ததை மட்டும் பதமாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டாள்.

"கொஞ்சம் பாக்கட்டுமா" என்று கேட்டார் இராமையா. அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். அவர் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். நல்லம்மாள் கேட்டது பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே தடம்கூட இல்லை. அழுத்தி எழுதுகிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.